தோள்பட்டையில் ஒரு ஏழு

ரசிகர் மன்றப் பலகை எங்கே கண்ணில் பட்டாலும் எனக்குப் பால் புளித்த வாடை அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்து போவேன். கூட வருகிறவர்கள் பக்கத்தில் சாக்கடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. இங்கே எழுதிவிடுகிறேன், இனி யாரும் கேட்க வேண்டாம்.

2005ஆம் வருஷத்துக் கோடை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். நான்கு கம்ப்யூட்டர்கள், நடுவே பிளைவுட் தடுப்புகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே மின்விசிறி. பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், வேலைக்கு விண்ணப்பம் போட வருவார்கள். அந்த வருஷம் கூடுதலாக, சுனாமி அலையில் வீடு போனவர்கள் நிவாரண மனு அடிக்க வந்தார்கள். நான் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவள். ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடிப்பேன்.

சாயங்காலமானால் மன்றத்து ஆட்கள் வந்துவிடுவார்கள். முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் மன்றத்துச் செயலாளர். கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர், பஜாரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். மற்றவன் சிடி கடைக்காரன். அவர்களுடைய நடிகர் ஒரு விஞ்ஞானப் படத்தில் நடிக்கிறார் என்று பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. கீழே வெள்ளை வெளேரென்று ஒரு தரை, மேலே வானம், நடுவில் சுண்டுவிரல் அளவுக்குக் கறுப்பாக ஓர் உருவம். படத்தின் பெயர் போடவில்லை. நடிகரின் பிறந்தநாளன்று டிவியில் பெயரை அறிவிப்பார்களாம். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவுமே கிடையாது.

ஒன்றுமில்லாத அந்த வெள்ளைத் தரையில் இவர்கள் கட்டிய கோட்டையை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இணையத்தில் அந்த நடிகருக்கென்றே ஒரு குழு இருந்தது. சிங்கப்பூரிலும் டொரொண்டோவிலும் உட்கார்ந்துகொண்டு தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பேசிக்கொள்வார்கள். எங்கள் செயலாளருக்கு அடிக்கத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வார், நான் அடிப்பேன். மணிக்கணக்கில் வாடகை வருவதால் என் முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை.

விளம்பரத்து வானத்தில் புள்ளி புள்ளியாகப் பறவைகள் இருந்தன. அவை ஒன்பது என்று ஒருவன் எண்ணினான். ஆகவே ஒன்பது கிரகங்கள், ஆகவே படத்தின் பெயர் ஒரு கிரகத்தின் பெயர். இல்லை, ஒரு பறவை மட்டும் தனியாக இருக்கிறது, அது அச்சு மை சிந்தியது என்றான் இன்னொருவன். அப்படியானால் எட்டு. எட்டு அந்த நடிகருக்கு ஆகாத எண் என்று நியூமராலஜி தெரிந்த ஒருவர் டொரொண்டோவிலிருந்து கவலைப்பட்டார். வெள்ளைத் தரை நிலா என்றார்கள், பனி என்றார்கள். பூமியில் கடலெல்லாம் வற்றிப்போய் உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, கடைசிச் சொட்டுத் தண்ணீரைத் தேடி நாயகன் வருகிறான் என்று ஒருவன் முழுக் கதையையே எழுதிவிட்டான். அங்கேதான் செயலாளர் துள்ளிக் குதித்தார்.

"ஏம்மா, உப்புன்னா அது நம்ம ஊருதான். நல்லா பாரு, இது நம்ம அளம். அடி, மரக்காணம்னு அடி."

அடித்தேன். அன்றிலிருந்து எங்கள் ஊருக்குப் பிடித்தது சனி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். ஒரே முதலாளியிடம், ஒரே அளத்தில். அம்மா உப்பை வாரிக் கூடையில் நிரப்பித் தருவாள், அப்பா கூடையை வலது தோளில் வைத்து உப்பைக் குவித்து வைக்கும் அம்பாரத்துக்குச் சுமந்து போவார். 2004 டிசம்பரில், மழைக்காலம் என்பதால் அளத்தில் வேலை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மீன் வாங்க அனுமந்தைக் கடற்கரைப் பக்கம் சைக்கிளில் போனார். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. அப்பா மறுநாள் கிடைத்தார்.

காரியம் முடிந்ததும் அவருடைய துணிமணிகளை வழக்கப்படி கொடுத்துவிட்டோம். வீட்டில் ஒரு பனியன்கூட மிச்சமில்லை. ஆனால் ஒரு சட்டை அளத்துக் கொட்டகையில், ஆயில் இன்ஜினுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

உப்பளத்துக்குப் போடும் சட்டையை எங்கள் பக்கத்தில் துவைக்க மாட்டார்கள். துவைத்து என்ன பிரயோசனம், மறுநாளே உப்பேறிவிடும். முழுக்கைச் சட்டை ஒன்றை வேலை தொடங்கும்போது எடுத்தால், சீசன் முடியும் வரை அதேதான். வேர்வையும் உப்புத் தண்ணீரும் ஊறி ஊறிக் காய்ந்து அது அட்டை மாதிரி விறைத்துப் போகும். கழற்றி ஆணியில் மாட்டினாலும் துவளாது, போட்டிருந்தவரின் உடம்பு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே நிற்கும். அந்தச் சட்டையைப் பொங்கலுக்கு முந்தின நாள் போகியில் கொளுத்திவிட்டு அடுத்த சீசனுக்கு வேறு ஒன்று எடுப்பார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் யார் போகி கொளுத்தினார்கள்? அதனால் அப்பாவின் சட்டை தப்பித்தது.

அலை ஓடை வழியாக ஏறி வந்து அளம் முழுக்கச் சேற்றை நிரப்பியிருந்தது. மேட்டில் இருந்த கொட்டகை மட்டும் பிழைத்தது. சேறு வார ஆள் கூப்பிட்டபோது அம்மா போனாள். போன முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால்கூடக் கழுவாமல் சொன்னாள்.

"கொட்டாயில உங்கப்பா சட்ட இருக்குது. வலது தோளு தூக்கினு, கை மடங்கினு, கூட தூக்கறாப்பலயே இருக்குது."

எடுத்து வரவில்லையா என்று கேட்டேன். கொண்டுவந்தால் மடிக்க வேண்டியிருக்கும், மடித்தால் உடைந்துவிடும் என்றாள்.

சேறு வாரி, பாத்திகளைத் திரும்ப மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் கட்டி, உப்புப் பூக்க வெகுநாள் பிடித்தது. பக்கத்து அளங்கள் பல அப்போதும் சேறாகவே கிடந்தன. நம் பாத்தி மட்டும் வெளுத்தால் ஊர்க்கண் படும் என்று முதலாளி ஒரு திருஷ்டி பொம்மை நடச் சொன்னார். அம்மாவும் கூட வேலை செய்த பெண்களும் அதைச் செய்தார்கள். இரண்டு சவுக்குக் குச்சிகளைக் குறுக்கே கட்டி, கவிழ்த்த பானையைத் தலையாக வைத்து, சுண்ணாம்பால் புள்ளி குத்தினார்கள். முன்பு எப்போதோ தொழிலாளர்களுக்கென்று இலவசமாக வந்த கம்பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் கொட்டகையில் தூசியடைந்து கிடந்தன. அந்த பூட்ஸைப் போட்டால் அரைமணியில் கால் வெந்துவிடும், கண்ணாடியைப் போட்டால் வேர்வையில் பார்வை தெரியாது. மனிதருக்கு உதவாததெல்லாம் பொம்மைக்கு உதவியது. சட்டைக்கு அம்மா கொட்டகையிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து வந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. செத்தவர் சட்டையை யாராவது திருஷ்டி பொம்மைக்குப் போடுவார்களா என்று சண்டை பிடித்தேன்.

"ஆணில தொங்கறத விட வெளில நின்னுகினு இருக்கட்டுமே. அவரு எடம்தான அது," என்றாள் அம்மா.

மழை மேகம் கண்டால் சட்டையை மட்டும் பதமாகக் கழற்றிக் கொட்டகைக்குள் வைப்பாள். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ரோட்டிலிருந்து நானே பார்த்தேன். வெள்ளைப் பரப்பின் நடுவே வலது தோளை உயர்த்திக்கொண்டு, கையை மடக்கிக்கொண்டு, அப்பா. பானைத் தலையும் கம்பூட்ஸும் அந்தத் தூரத்துக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு நான் அம்மாவிடம் சண்டை போடவில்லை.

ஒரு சாயங்காலம் செயலாளரும் சிடி கடைக்காரனும் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்கள். இணையக் குழுவில் ஒரு படம் வந்திருக்கிறது, அதைக் கலரில் பெரிதாக எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். பாண்டிச்சேரி பஸ்ஸில் போன ஒரு கல்லூரி மாணவன் ஜன்னல் வழியே செல்போன் கேமராவில் எடுத்ததாம். 'ஷூட்டிங் ஸ்பாட் லீக், நாயகனின் கெட்டப்' என்று தலைப்புப் போட்டிருந்தான். திறந்தேன். புள்ளி புள்ளியாக உடைந்துபோன அந்தப் படத்தில் வெள்ளைத் தரை, வானம், நடுவில் எங்கள் பொம்மை.

"அண்ணா, இது எங்கம்மா வேல செய்ற அளத்துல நட்டு வச்ச திருஷ்டி பொம்மண்ணா," என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்டிதான் சொல்ல சொல்லி இருப்பாங்க," என்றார் செயலாளர்.

"யாரு?"

"கம்பெனிலதான். ஷூட்டிங் எடுக்கற எடத்துல எல்லாருக்கும் சொல்லி வச்சிருவாங்கம்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எங்களுக்கு புரியுது."

"ஷூட்டிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த சட்ட எங்கப்பாவுது."

"உங்கப்பா சட்டைல இன்னாத்துக்கு ஏழு நம்பரு இருக்குது?"

சிடி கடைக்காரன் திரையில் விரலை வைத்தான். வலது தோளில் நீலமாக, கோணலாக, ஏழு மாதிரி ஒன்று தெரிந்தது. கூடை உராய்ந்து கிழிந்த இடத்தில் அம்மா போட்ட ஒட்டு அது. நான் ஒன்பதாம் வகுப்பில் கட்டிய யூனிபார்ம் பாவாடையிலிருந்து வெட்டியது. கத்தரிக்கோல் மழுங்கிப்போயிருந்ததால் துணி கோணலாக வந்தது. இதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் பரவசம் கூடியதே தவிரக் குறையவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் குழுவைத் திறந்து பார்த்தேன். 'உள்ளூரில் ஒரு பெண்ணை வைத்து மறுக்கச் சொல்கிறார்கள், ஆகவே இது நூறு சதவீதம் உண்மை' என்று முதல் வரி, சிடி கடைக்காரன் போட்டது. படத்தின் பெயர் ஏழு என்று முடிவாகிவிட்டது. பானையில் இருந்த சுண்ணாம்புப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்து அது எந்த நட்சத்திரக் கூட்டம் என்று ஒருவன் கண்டுபிடித்திருந்தான். கம்பூட்ஸ், புவியீர்ப்பு குறைந்த கிரகத்தில் நடப்பதற்கு. வலது தோள் உயர்ந்திருப்பது ஏன்? உள்ளே இருப்பது இரும்புக் கை, அது கனமாக இருப்பதால் மறுபக்கம் உடம்பு சாய்ந்திருக்கிறது. இருபது வருஷம் உப்பு சுமந்த தோளுக்கு இப்படி ஒரு விளக்கம். ஏசி அறையில் உட்கார்ந்து அதை எழுதியவனை நேரில் பார்த்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வாயில் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதோடு விட்டார்களா? இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று, இனிக் கதையைக் கண்டுபிடிக்க வேண்டுமே. மரக்காணத்தில் ஏன் படம் எடுக்கிறார்கள் என்று ஒருவன் கேட்டான். அலை வந்த ஊர் என்று ஒருவன் பதில் சொன்னான். இருவருமாகச் சேர்ந்து படத்தின் கிளைமாக்ஸை எழுதிவிட்டார்கள். செயலாளர் அதை எங்கள் சென்டரில் நடித்தே காட்டினார்.

"கடைசில அலை வருதும்மா. பனமரம் ஒசரத்துக்கு. ஜனமெல்லாம் ஓடுது. எங்காளு ஓடல. திரும்பி நின்னு வலது கைய இப்டி தூக்கறாரு. அலை அப்டியே நிக்குது."

அவர் கையைத் தூக்கிக்கொண்டு பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே நின்றார். சிடி கடைக்காரன் விசில் அடித்தான். அடுத்த தடுப்பில் நிவாரண மனு அடிக்க வந்திருந்த ஒரு பெண் எழுந்து, காகிதங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அலை நின்னா மாதிரி எடுத்து காட்டி இன்னாண்ணா ஆவப் போவுது? உங்க அத்த எழுந்து வருவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய அத்தை அலையில் போனது ஊருக்கே தெரியும். அவரை வளர்த்தவள்.

செயலாளர் கையை இறக்கினார்.

"வர மாட்டாங்க. ஆனா ஒரு வாட்டியாவது அது நிக்கிறத பாக்கலாம்ல," என்றார்.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. 'பாவம்' என்கிறார்கள். எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவருக்கு அலை நிற்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால் இருக்கட்டும். அதற்கு என் அப்பாவின் சட்டைதான் கிடைத்ததா?

பிறந்தநாளுக்கு முன்தினம் காலையில் அவர்கள் அளத்துக்குப் போனார்கள். ஏழெட்டுப் பேர், இரண்டு பைக், ஒரு ஆட்டோ. உப்புப் பாத்திக்குள் செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள். முதலாளியே வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். வாரக்கணக்கில் வெறுங்காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. ஒரு குதிகால் பதிந்தால் அடியில் இருக்கும் களிமண் மேலே வந்து உப்பைக் கெடுத்துவிடும். அன்று இவர்கள் ஷூவும் செருப்புமாக, வார வேண்டிய உப்பின் மேலேயே நடந்துபோய் பொம்மையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். அம்மா அந்தப் பக்கத்து அம்பாரத்திலிருந்து ஓடி வருவதற்குள் சட்டை, பானை, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் ஆட்டோவில் ஏறிவிட்டன. வெறும் குச்சிகள்தான் நின்றன.

"யம்மா, உங்க ஊருக்கே பெருமம்மா," என்று ஒருவன் ஆட்டோவிலிருந்து கத்தினானாம். எந்த ஊர்க்காரனோ.

அன்று மத்தியானம் அம்மா சென்டருக்கே வந்துவிட்டாள். அவள் அந்த மாடிப்படியில் அதற்கு முன் ஏறியதே இல்லை. பாதத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மிதிபட்ட பாத்தியைப் பற்றியோ, முதலாளி திட்டியதைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சட்டைய மட்டும் வாங்கினு வா. மத்தது எக்கேடோ கெட்டு போவட்டும். மடிக்க வேணாம்னு சொல்லு. தண்ணி பட வேணாம்னு சொல்லு."

செயலாளரின் கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. மன்றத்து வாசலில் நின்றவர்கள் நாளைக்கு வா என்றார்கள்.

மறுநாள் காலையில் தியேட்டர் வாசலில் கூட்டம். நடிகரின் கட்-அவுட் வானத்துக்கு நின்றது. அதன் காலடியில் மூங்கில் குச்சிகள் நட்டு, அப்பாவின் சட்டையை மாட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பானையில் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போவதற்குள் ஒருவன் ஏணியில் ஏறிக் கட்-அவுட்டின் தலையில் பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். இன்னொருவன் கீழே ஒரு குடத்தைச் சட்டையின் மேல் கவிழ்த்தான்.

"ஊத்தாதீங்க, அது எங்கப்பா சட்ட," என்று நான் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பால் முதலில் விறைத்த துணியில் ஒட்டாமல் வழிந்தது. பிறகு ஊறத் தொடங்கியது. ஒட்டுப்போட்ட நீலம் கறுத்தது. உப்பு கரையக் கரைய வலது தோள் தாழ்ந்தது. மடங்கியிருந்த கை மெல்ல மெல்ல நிமிர்ந்து, கடைசியில் துவண்டு தொங்கிவிட்டது. அப்பா கூடையை இறக்கி வைத்தபோதுகூடத் தோளை அப்படித் தொங்கவிட்டதில்லை.

அருவருப்பின் உச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது. சிடி கடைக்காரன் சட்டைக் கையின் நுனியிலிருந்து சொட்டிய பாலை உள்ளங்கையில் ஏந்திப் பிரசாதம் மாதிரி நக்கினான். நக்கிவிட்டுக் கண்களை அகல விரித்தான்.

"உப்பு கரிக்குதுடா. ஒரிஜினல்டா இது. வேற கிரகத்து கடல்ல எடுத்த சீனுக்கு போட்ட சட்ட."

உடனே ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். என் அப்பாவின் ஒரு சீசன் வேர்வையை அவர்கள் வரிசையில் நின்று நக்கினார்கள். தியேட்டர் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். வெயிலில் பால் அதற்குள் புளிக்க ஆரம்பித்திருந்தது. நான் முதலில் சொன்னேனே, அந்த வாடை.

செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "டிவில பேரு சொல்லட்டும்மா. சொன்ன ஒடனே குடுத்துடறோம். ஏழுன்னு வந்துச்சின்னா உங்கப்பாவுக்கே பெருமதான்," என்றார். அதாவது சட்டை அப்பாவுடையது என்பதும் அவருக்குத் தெரியும், வேற்றுக் கிரகத்துடையது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு அந்த மனிதரால் சாப்பிடவும் தூங்கவும் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு டீக்கடை டிவியில் பெயரைச் சொன்னார்கள். ஏழும் இல்லை, எட்டும் இல்லை, கிரகமும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். கதாநாயகியின் பெயராம். வெள்ளைத் தரை ஏதோ வெளிநாட்டுப் பனிமலை என்று நடிகரே சிரித்துக்கொண்டு சொன்னார். உப்பும் இல்லை, அலையும் இல்லை. விஞ்ஞானி ஒருவன் தன் காதலியை மாதிரியே ஒரு இயந்திரப் பெண்ணைச் செய்கிறான், அதுதான் கதை. மரக்காணம் என்று ஓர் ஊர் இருப்பதே அந்த நடிகருக்குத் தெரிந்திருக்காது. படம் அடுத்த வருஷம் வந்தது, நான் பார்க்கவில்லை.

மேளம் நின்றது. இதோடு வெட்கப்பட்டுக் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

"இது டம்மி பேருடா. லீக் ஆயிடுச்சின்னு மாத்திட்டானுங்க. நம்மாலதான் மாத்தனானுங்க," என்றான் சிடி கடைக்காரன்.

திரும்பவும் விசில் பறந்தது. தாங்கள் கண்டுபிடித்ததால்தான் பெயரே மாறியது என்று அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தடியில் நான் சட்டையைத் தேடினேன். குச்சியில் இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள்.

செயலாளரின் கடைக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் "பத்தரமா இருக்குதும்மா, நானே கொண்டாரேன்" என்றார். கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர். அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பால் வாட வந்துச்சிம்மா. அப்டியே குடுத்தா மரியாத இல்லன்னு, பவுடர் போட்டு ஊற வச்சி நானே கசக்கினேன். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி எடுத்தாந்திருக்கேன். தோள்லகூட அதே கலர்ல துணி வச்சி டைலர்ட்ட தச்சிட்டேன். அந்த ஏழு நம்பர் துணிய மட்டும் மன்றத்துல பிரேம் போட்டு வச்சிக்கினோம்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் சுத்தமாகச் செய்து முடித்த திருப்திதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாக அருவருத்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கவரை வாங்கிக்கொண்டு, "சரிப்பா, போய்ட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

அவர் போன பிறகு சட்டையை வெளியே எடுத்தாள். நான்காக மடித்து, காலர் நிமிர்ந்து, கடையில் புதிதாக வாங்கியது மாதிரி இருந்தது. முகர்ந்து பார்க்கவில்லை. தோளில் புதிதாகத் தைத்திருந்த இடத்தை ஒருமுறை தடவினாள். பிறகு விரித்து, இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது காற்றில் லேசாக ஆடியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளோடு அளத்துக்குப் போனேன். பொம்மைக் குச்சிகள் அப்படியே நின்றன. அம்மா சட்டையைக் குச்சியில் மாட்டினாள். வலது கையை மடக்கி, சணல் கயிற்றால் குச்சியோடு கட்டினாள். வலது தோளுக்கு அடியில் ஒரு கந்தலைத் திணித்து உயர்த்தினாள். பாத்தியிலிருந்து கெட்டியான உப்புத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து தோளிலிருந்து ஊற்றினாள். அது காய்ந்ததும் மறுபடி மொண்டு வந்து ஊற்றினாள். நான் உதவப் போனபோது வேண்டாம் என்றாள். வேலைக்கு நடுவே வந்து வந்து ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

வெயில் சாயும்போது சட்டை விறைத்துவிட்டது. தட்டினால் சத்தம் வந்தது. அம்மா கயிற்றை அவிழ்த்தாள், கந்தலை உருவினாள். தோள் இறங்கவில்லை, கை மடங்கியபடியே நின்றது. நான் சந்தோஷப்பட்டேன். அம்மா எதிர் வரப்பு வரைக்கும் நடந்து போய், எப்போதும் கூடை நிரப்புகிற இடத்தில் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"யாரோ ஒருத்தர் நிக்கிறாரு," என்றாள். குனிந்து உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டாள். "இருட்டறதுக்குள்ள இந்த பாத்திய வாரிடலாம். கூடைய புடி."